விமானி இறங்கிப்போன விமானம்

"ஓட்டுறவங்க மூணு பேரும் கயித்தைப் பிடிச்சு இறங்கி ஓடிட்டாங்க. அந்தப் பொண்ணு மட்டும் நின்னு உசுரை விட்டுச்சு. இது என்ன நியாயம் தம்பி?"

கேட்டவர் காரைக்குடி செக்காலையில் எங்களுக்குத் தெரிந்த ஆச்சி. அடுத்த மாதம் திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். போகிற நேரம் பார்த்துப் பேரன் 'நீர்ஜா' என்ற இந்திப் படத்தைச் செல்போனில் போட்டுக் காட்டிவிட்டான். ஆச்சியின் ஐயா காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்கள் புயலுக்குப் பயந்தார்கள், வாந்திக்குப் பயந்தார்கள். கப்பலை எவனாவது மடக்குவான் என்று ஒருவரும் பயந்ததில்லை. இப்போது ஆச்சிக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. முகப்புத் திண்ணையில் டீயும் ஒரு தட்டுத் தேன்குழலும் வந்தன. விளக்கம் சொல்லாமல் எழுந்திருக்க வழியில்லை.

அவர் கேட்டது நல்ல கேள்வி. படம் பார்த்த பலருக்கும் அந்த இடம் உறுத்தியிருக்கும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், நடுவானிலோ ஓடுதளத்திலோ ஒரு கடத்தல் எப்படித் தோற்கிறது என்பது முக்கால்வாசி புரிந்துவிடும்.

நடந்தது இது. 1986 செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை விடிகாலை. பம்பாயிலிருந்து வந்த பான் ஆம் 73 கராச்சியில் நின்றுகொண்டிருந்தது. பிராங்பர்ட் வழியாக நியூயார்க் போக வேண்டிய போயிங் 747. ஊழியர்களையும் சேர்த்து உள்ளே 380 பேர் அளவில் இருந்தார்கள். பணிப்பெண்களும் பணியாளர்களும் பெரும்பாலும் இந்தியாவில் வேலைக்கு எடுக்கப்பட்ட இளவயதுப் பிள்ளைகள். அவர்களில் மூத்த பர்சர் நீர்ஜா பனோட்டுக்கு இன்னும் இரண்டு நாளில் 23 வயது நிறையப்போகிறது. விமான நிலையப் பாதுகாப்புப் படையின் உடுப்பில், அவர்களுடையதைப் போலவே ஜோடித்த வேனில், நான்கு பேர் படிக்கட்டு வரைக்கும் வந்து சுட்டுக்கொண்டே ஏறினார்கள். அபு நிதால் என்ற பாலஸ்தீனத் தீவிரவாதியின் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். விமானத்தைச் சைப்ரசுக்குக் கொண்டுபோய், சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை விடுவிக்கச் சொல்வது அவர்கள் திட்டம்.

747-இல் விமானி அறை மாடியில் இருக்கிறது. நான்கு பேரும் ஏறியது கீழ்க்கட்டில். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த சில விநாடிகளில்தான் கதையே திரும்பியது. ஒரு பணிப்பெண் உட்தொலைபேசியை எடுத்துக் கடத்தலுக்கென்று வைத்திருந்த ரகசியக் குறிப்பை விமானி அறைக்குச் சொல்லிவிட்டார். மேலே இருந்த கேப்டன், துணை விமானி, பொறியாளர் மூவரும் கூரையில் இருக்கும் அவசரக் கதவைத் திறந்து, அதற்கென்றே அங்கே மாட்டியிருக்கும் கயிற்றுச் சுருளைப் பிடித்து, கிட்டத்தட்ட மூன்று மாடி உயரத்திலிருந்து தரையில் இறங்கி மறைந்தார்கள்.

இதற்குள் ஒரு கடத்தல்காரன் இன்னொரு பணிப்பெண்ணை முன்னால் தள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தான். விமானி அறைக்குள் நுழைந்ததும் அந்தப் பெண்ணின் கண்ணில் கூரைக் கதவு திறந்து கிடப்பது பட்டது. பட்டதை முகத்தில் காட்டவில்லை. அவனுக்கு அந்த அறையின் அமைப்பு தெரியாது. விமானிகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே நின்றான். கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது. இந்த விவரமெல்லாம் முப்பது வருஷம் கழித்து, உயிரோடு இருக்கும் ஊழியர்கள் வாய் திறந்து பேசியபோதுதான் வெளியே வந்தது. அதுவரைக்கும் உலகம் அவர்களைக் கேட்கவே இல்லை என்பது தனி வருத்தம்.

ஆகவே விமானிகள் தாங்களாகப் பயந்து ஓடினார்கள் என்று சொல்வது சரியில்லை. தரையில் நிற்கும் விமானத்தை மடக்கினால் விமானிகள் வெளியேறிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து நடைமுறை. பணிப்பெண் எச்சரித்ததே அதற்காகத்தான். விமானி இருந்தால் அந்த 380 பேரும் எங்கே வேண்டுமானாலும் போகலாம்: சைப்ரஸ், வேறொரு பாலைவனம், கடல். விமானி இல்லையென்றால் அந்த 747 கராச்சியில் தரையோடு தரையாக நிற்கும் ஒரு நீளமான கூடம்.

ஆச்சி தேன்குழலை ஒடித்தபடி கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி. கொள்ளைக்காரன் முகப்புல நுழையிறான்னா, பெட்டகச் சாவி வெச்சிருக்கிறவ பின்கட்டு வழியாத் தெருவுல இறங்கிப் போயிடணும். அவன் பெட்டகத்தைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அதேதான். ஆனால் பெட்டகத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் வீட்டில் இருக்கிற மற்றவர்களை என்ன செய்வான் என்பது மிச்சமிருக்கிறதே. அந்தச் சுமை முழுக்க உள்ளே மாட்டிக்கொண்ட ஊழியர்கள் தலையில் விழுந்தது. விமானியை அனுப்பு என்று கேட்டுக்கேட்டு, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஓர் இந்திய வம்சாவளி இளைஞரைக் கதவருகே மண்டியிட வைத்துச் சுட்டு வெளியே தள்ளினார்கள். பிறகு அமெரிக்கர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளப் பாஸ்போர்ட்டுகளைச் சேகரிக்கச் சொன்னார்கள். நீர்ஜாவும் மற்ற பணிப்பெண்களும் சேகரித்தார்கள். சேகரிக்கும்போதே அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளை இருக்கைக்கு அடியில் தள்ளினார்கள், குப்பையோடு போட்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்தார்கள். கடத்தல்காரன் தேடிய பெயர்கள் அவன் கைக்கு வரவே இல்லை.

இப்படி ஏறத்தாழ 17 மணி நேரம். தண்ணீர் கொடுத்தார்கள், குழந்தைகளைச் சமாதானப்படுத்தினார்கள், விமானி வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி நேரத்தை ஓட்டினார்கள். இரவில் விமானத்தின் துணை மின் இயந்திரத்துக்கு எரிபொருள் தீர்ந்துபோய் விளக்குகள் மங்கி அணைந்தன. கமாண்டோக்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ, நான்கு பேரும் கூட்டத்தை நோக்கிச் சுட்டு, கையெறி குண்டுகளை வீசினார்கள். கமாண்டோக்கள் அப்போது விமானத்தின் அருகில்கூட இல்லை. இருட்டில் ஊழியர்களும் பயணிகளுமாகக் கதவுகளைத் திறந்தார்கள். சறுக்குப் பாதை விரியாத கதவு வழியாக இறக்கைமேல் ஏறி, அங்கிருந்து தரையில் குதித்துக் கால் முறிந்தவர்கள் பலர். இருபது பேர் அளவில் இறந்தார்கள். நூற்றுக்கு மேல் காயம். நீர்ஜா பயணிகளை வெளியேற்றிக்கொண்டே நின்று குண்டடிபட்டு இறந்தார். அசோக சக்ர விருது அவருக்குக் கிடைத்தது. பெற்றவர்களிலேயே மிக இளையவர் அப்போது அவர்தான். கூட்டத்தின் தலைவன் சஃபாரினிக்கு 2004-இல் அமெரிக்க நீதிமன்றம் 160 ஆண்டுச் சிறை விதித்தது.

ஆனால் அத்தனை பேரும் சைப்ரஸ் வழியில் எங்காவது போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், அந்த உட்தொலைபேசி அழைப்பின் விலை தெரியும். என் கணக்கில் கராச்சியில் கடத்தல் தோற்றது இரவு பத்து மணிக்கு இல்லை. காலை ஆறு மணி வாக்கிலேயே தோற்றுவிட்டது. மிச்சம் நடந்தது தோற்றவர்களின் வெறி.

"அத்தனை பேரு இருந்தும் நாலு பேரை அமுக்க முடியலையா?" இது ஆச்சியின் அடுத்த கேள்வி. இதற்கு ஒரே பதில் கிடையாது. காலத்துக்குக் காலம் பதில் மாறியிருக்கிறது.

எழுபது எண்பதுகளில் இந்திய விமானம் கடத்தப்பட்டால் பயணிகள் சும்மா உட்கார்ந்திருந்தது கோழைத்தனம் இல்லை. கணக்குத் தெரிந்தவர்கள் செய்வது அதுதான். ஏனென்றால் அன்றைய கடத்தல்காரனுக்கு வேண்டியது பேரமோ விளம்பரமோ. பயணி அவனுக்குச் சரக்கு. சரக்கைக் கெடுத்துக்கொள்ள மாட்டான். 1976 செப்டம்பரில் டெல்லியிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங்கை ஆறு பேர் லாகூருக்குக் கொண்டுபோனார்கள். பாகிஸ்தான் அதிகாரிகள் உபசாரமாகப் பேசி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீரில் மயக்க மருந்து. பயணிகள் விமானத்தோடு பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

1978 டிசம்பர் 20 இன்னும் வேடிக்கை. இந்திரா காந்தியைச் சிறையில் வைத்ததைக் கண்டித்து, லக்னோவிலிருந்து டெல்லி போன விமானத்தைப் போலாநாத் பாண்டே, தேவேந்திர பாண்டே என்று இரண்டு இளைஞர்கள் வாரணாசிக்குத் திருப்பினார்கள். கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும். 1980-இல் இரண்டு பேரும் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள்! கடத்தலுக்குப் பரிசு சட்டசபை நாற்காலி என்றால், பயணி எதற்கு எழுந்து உயிரைக் கொடுக்க வேண்டும்?

1984 ஆகஸ்ட் 24-இல் சண்டிகர், ஜம்மு வழியாக ஸ்ரீநகர் போக வேண்டிய ஐசி 421 கடத்தப்பட்டு லாகூர், கராச்சி, துபாய் என்று சுற்றியது. அதில் இருந்த பயணிகளில் ஒருவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம், நாட்டின் பாதுகாப்பு விவகாரங்களில் பெரிய தலை. டெல்லியில் அந்தக் கடத்தலைக் கையாண்ட குழுவில் ஓர் இளம் அதிகாரி. வேலை நெருக்கடி, வீட்டுக்கு வர நேரமாகும் என்று சொல்லப் போன் செய்தவருக்குத்தான் தன் அப்பாவே அந்த விமானத்துக்குள் இருக்கிறார் என்று தெரியவந்தது. அந்த அதிகாரிதான் இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர், 2024-இல் ஜெனீவாவில் அவரே சொன்ன சம்பவம். ஒருபக்கம் அரசாங்கத்துக்காகப் பேசுகிற அதிகாரி, இன்னொரு பக்கம் அரசாங்கத்தை நெருக்குகிற பயணிகளின் குடும்பம். அன்று இரண்டு பக்கத்திலும் ஒரே ஆள் நின்றிருக்கிறார். துபாயில் பேசிப் பேசியே அந்தக் கடத்தல் முடிந்தது; பயணிகள் வீடு வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. ஆச்சி போகிற ஊருக்குச் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன். 1977 டிசம்பர் 4, பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போன மலேசிய விமானம். நடுவானில் கடத்தப்பட்டு, விமானிகள் சுடப்பட்டு, ஜொகூரில் தஞ்சோங் குப்பாங் என்ற இடத்தில் சதுப்பில் விழுந்தது. நூறு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. சாவி வைத்திருப்பவர் நடுவானில் இறங்கிப்போக முடியாது. அதனால்தான் பறக்கும்போது விமானி சொன்னபடி கேட்பதும், தரையைத் தொட்டதும் எப்படியாவது மறுபடி எழும்பாமல் பார்த்துக்கொள்வதும் பழைய பாடம்.

1993-ஆம் வருஷம் இந்தியாவுக்குக் கடத்தல் வருஷம். மார்ச் 27-இல் டெல்லியிலிருந்து மெட்ராஸ் வரவேண்டிய விமானத்தை வெடிகுண்டு இருக்கிறது என்று ஒருவன் அமிர்தசரசுக்குத் திருப்பினான். பேசிச் சரணடைய வைத்துப் பார்த்தால், குண்டு என்று காட்டியது தலைமுடி உலர்த்தும் கருவி. ஏப்ரல் 10-இல் லக்னோ அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் நால்வர் லக்னோ–டெல்லி விமானத்தைக் கடத்தப் பார்த்தார்கள். இந்தத் தடவை பயணிகளே எழுந்து மடக்கிப் பிடித்துவிட்டார்கள். பையன்களின் முகத்தைப் பார்த்ததும் இவர்களிடம் சரக்கு இல்லை என்று யாருக்கோ தோன்றியிருக்கும். ஒருவர் எழுந்தால் பத்துப் பேர் எழுவார்கள். ஏப்ரல் 24-இல் ஸ்ரீநகர் விமானத்தைக் கடத்தியவனிடம் நிஜத் துப்பாக்கி இருந்தது. அமிர்தசரஸ் ஓடுதளத்தில் தேசியப் பாதுகாப்புப் படை கமாண்டோக்கள் இரவோடு இரவாக ஏறிச் சில நிமிஷத்தில் முடித்தார்கள். பயணிகள் அனைவரும் பத்திரம்.

அதே அமிர்தசரஸில்தான், ஆறு வருஷம் கழித்து, 1999 டிசம்பர் 24 மாலை, காத்மாண்டுவிலிருந்து வரும் வழியில் கடத்தப்பட்ட ஐசி 814 முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. எரிபொருள் வேண்டும் என்று கேப்டன் தேவி சரண் கேட்டுக்கொண்டே இருந்தார். டெல்லியில் கூடிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். சந்தேகப்பட்ட கடத்தல்காரர்கள் கிளம்பு என்று மிரட்ட, காலியாகப்போகும் டேங்கோடு விமானம் எழும்பியது. லாகூர், துபாய், காந்தஹார். புதுமணத் தம்பதியாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ரூபின் கத்யால் கொல்லப்பட்டார். டிசம்பர் 31-இல் மூன்று பயங்கரவாதிகளை விடுவித்து மற்றவர்களை மீட்டார்கள். தரையில் நிற்கிற விமானத்தை எழும்ப விடாதே என்ற ஒரே பாடத்தை அன்று டெல்லி மறந்தது என்றுதான் நான் சொல்வேன். உள்ளே இருந்தவர்கள்மேல் பழி போடுவது சுலபம். ஐந்து பேர் ஆயுதத்தோடு ஏறியதும் முதலில் செய்தது ஆண்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தலையைக் குனிய வைத்து, கண்ணைக் கட்டியது. பக்கத்து இருக்கையில் யார் என்றே தெரியாதவன் யாரோடு சேர்ந்து பாய்வான்?

பிறகு 2001 செப்டம்பர் 11. அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் மூன்றில் பயணிகள் பழைய பாடப்படி பொறுமையாக இருந்தார்கள். நான்காவது, யுனைடெட் 93, நெவார்க்கில் நெரிசலால் தாமதமாகக் கிளம்பியது. அந்தத் தாமதத்தால் உள்ளே இருந்தவர்கள் வீட்டுக்குப் போன் பேசியபோது, மற்ற விமானங்கள் கட்டடங்களில் மோதிய செய்தி அவர்கள் காதுக்கு வந்துவிட்டது. இவர்களுக்குப் பேரம் வேண்டியதில்லை, நம்மையே ஆயுதமாக்குகிறார்கள் என்று புரிந்த நொடியில் கணக்கு தலைகீழானது. தங்களுக்குள் பேசி முடிவெடுத்து விமானி அறையை நோக்கிப் பாய்ந்தார்கள். வாஷிங்டனுக்குச் சுமார் இருபது நிமிஷப் பறப்புத் தூரத்தில், பென்சில்வேனியாவில் ஒரு வயலில் விமானம் விழுந்தது. பயணிகளும் ஊழியர்களுமாக நாற்பது பேர். அன்றைக்கு அவர்களுக்கும் மற்ற மூன்று விமானத்தாருக்கும் தைரியத்தில் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கையில் இருந்த செய்தியில்தான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு யாரும் சும்மா உட்காருவதில்லை. அதே வருஷம் டிசம்பர் 22-இல் பாரிஸ்–மயாமி விமானத்தில் ஒருவன் செருப்புக்குள் இருந்த வெடிமருந்துக்குத் தீக்குச்சி கிழித்தான். குச்சி வாசனையை மோந்து வந்த பணிப்பெண்கள் அவன்மேல் விழுந்தார்கள். பயணிகள் இடுப்பு பெல்ட், ஹெட்போன் கம்பி என்று கிடைத்ததையெல்லாம் எடுத்துக் கட்டிப்போட்டார்கள். பயணிகளாக வந்திருந்த மருத்துவர்கள் விமானத்தின் மருந்துப்பெட்டியைத் திறந்து மயக்க ஊசியும் போட்டுவிட்டார்கள்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த கதை மொரித்தானியாவினுடையது. 2007 பிப்ரவரி 15. நுவாக்சோத்திலிருந்து கிளம்பி ஸ்பெயினின் கனேரித் தீவுகளுக்குப் போகும் போயிங் 737. இரண்டு கைத்துப்பாக்கியோடு ஒருவன் எழுந்து பிரான்சுக்குப் போ என்றான். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் இல்லை. வழியில் இறங்கி நிரப்பிக்கொள்ள மொராக்கோ இடம் கொடுக்கவில்லை. போக வேண்டிய தீவிலேயே இறங்கி நிரப்பலாம் என்று கேப்டன் அவனைச் சம்மதிக்க வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கவனித்தார்: இவனுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை.

உடனே ஒலிபெருக்கியில், இறங்கப்போகிறோம் என்று சாதாரண அறிவிப்பு கொடுக்கிற தோரணையில், பிரெஞ்சில் பேசினார். பெண்களும் குழந்தைகளும் பின்வரிசைக்குப் போய்விடுங்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் பிரேக்கை ஓங்கி அழுத்துவேன், பிறகு சட்டென்று வேகம் கொடுப்பேன். அவன் விழுவான். ஊழியர்களும் முன்வரிசை ஆண்களும் தயாராக இருங்கள். அவன் பக்கத்தில் நின்று முழு அறிவிப்பையும் கேட்டான், ஒன்றும் புரியாமல். சொன்னபடியே நடந்தது. ஓடுதளத்தில் விமானம் குலுங்கி நிற்பதுபோல் நின்று எகிறியதில் அவன் தடுமாறி விழ, ஒரு துப்பாக்கி கையை விட்டுப் போனது. காபிக் கருவியிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த ஊழியர்கள் அதை அவன் முகத்திலும் மார்பிலும் ஊற்றினார்கள். ஆண்கள் பத்துப் பேர் அளவில் மேலே விழுந்து அமுக்கினார்கள். விமானம் நின்றபோது, இடிபட்டுச் சின்னக் காயம் பட்டவர்கள் கொஞ்சப் பேர்; பெரிய சேதமில்லை.

ஆச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கொதிக்கிற தண்ணியா! அது நம்ம கை ஆயுதமில்ல?"

ஆயுதம் தண்ணீராக இருக்கலாம். ஆனால் காரியத்தை முடித்தது ஒரு பாஷையை அவனுக்குத் தெரியாமல் பயன்படுத்திய நிதானம். இதையும் கராச்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஓரிடத்தில் பார்த்ததைப் பார்க்காத மாதிரி நின்ற பெண், இன்னோரிடத்தில் சதியை அறிவிப்பு மாதிரி சொன்ன கேப்டன். 2014 பிப்ரவரியில் இஸ்தான்புல் போன துருக்கி விமானத்தை ஒருவன் ரஷ்யாவின் சோச்சிக்குத் திருப்பச் சொன்னபோதும் இப்படித்தான். ஊழியர்கள் சரி சரி என்று தலையாட்டி, இஸ்தான்புல்லிலேயே இறக்கிவிட்டு, சோச்சி வந்துவிட்டது என்றார்கள். பணிப்பெண் என்றால் சாப்பாடு வைக்கிறவர் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் சாப்பாடு வைப்பது மிச்ச நேரத்து வேலை. சம்பளம் இதற்கு.

இப்போது விமானி அறைக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆச்சி விமானத்தில் ஏறியதும் இடது கைப்பக்கம் மூடியிருப்பது அதுதான். 2001-க்குப் பிறகு அதைக் குண்டு துளைக்காதபடி பலப்படுத்தினார்கள். 2003 நவம்பரிலிருந்து உலகம் முழுக்கப் பெரிய பயணிகள் விமானங்களில் அது கட்டாயம். உள்ளேயிருந்துதான் திறக்கலாம். வெளியே எண் அழுத்தும் பலகை உண்டு. ஆனால் உள்ளே இருப்பவர் வேண்டாம் என்று ஒரு சுவிட்சைத் தள்ளினால் அதுவும் வேலை செய்யாது. அதனால் இன்றைக்கு ஒருவன் பயணிகளிடையே எழுந்து கத்தினாலும் கத்தியைக் காட்டினாலும் விமானம் அவன் சொல்லுக்கு எளிதில் திரும்பாது. கராச்சியில் விமானிகள் கயிற்றில் இறங்கிச் சாதித்ததை இப்போது இந்தக் கதவு உட்கார்ந்த இடத்திலேயே சாதிக்கிறது.

"உள்ள இருக்கிறவனே கெட்டவனா இருந்தா?" என்றார் ஆச்சி, ஒரு மூச்சு விடாமல். இந்தக் கேள்வியை விமானப் பொறியாளர்கள் கேட்கச் சில வருஷம் ஆனது. 2015 மார்ச் 24-இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் கேப்டன் கழிப்பறைக்குப் போன நேரம் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 உயிர். கேப்டன் கதவை உடைக்கப் பார்த்தும் முடியவில்லை. அத்தனை உறுதியாகச் செய்திருந்தார்கள். அதன்பிறகு பல நிறுவனங்களில் ஒரு விமானி வெளியே வந்தால் பணிப்பெண் ஒருவர் உள்ளே போய் நிற்க வேண்டும் என்று விதி போட்டார்கள்.

கடத்தல் நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத விமானி 7500 என்ற எண்ணைத் தட்டினால் போதும். கீழே ரேடார் திரையில் எச்சரிக்கை வந்துவிடும். இதை நம் பக்கத்தில் ஒரு தடவை விசித்திரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2012 அக்டோபர் 19-இல் அபுதாபியிலிருந்து கொச்சி போக வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், வானிலை சரியில்லை என்று திருவனந்தபுரத்தில் இறங்கியது. வளைகுடாவில் உழைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பயணிகள், கொச்சிக்கே கொண்டுபோ என்று இறங்க மறுத்து விமானி அறைப்பக்கம் போய்ச் சத்தம் போட, விமானி கடத்தல் எச்சரிக்கையையே கொடுத்துவிட்டார்! பாதுகாப்புப் படை சூழ்ந்துகொண்டது. களைத்துப்போன பயணியையும் கடத்தல்காரனையும் பிரித்தறிவதும் இந்தத் தொழிலில் ஒரு பயிற்சிதான். அன்று கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் பயணியிடம் என்ன எதிர்பார்க்கிறது? 1963-இல் டோக்கியோவில் போட்ட உடன்படிக்கை இதில் தெளிவானது. 1975-இல் நாமும் அதற்குத் தனிச் சட்டம் செய்துகொண்டோம். விமானத்தின் தலைவர் தன் ஊழியர்களுக்குக் கட்டளை இடலாம். பயணிகளிடம் உதவி கேட்கலாம், உதவ வருகிறவரை அனுமதிக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் விமானத்துக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பினால், ஒரு பயணி யார் அனுமதிக்கும் காத்திராமல் அளவோடு தடுக்கலாம். அதற்காக அவர்மேல் பின்னால் வழக்குப் போட்டால் நிற்காது. ஆச்சிக்கு இது பிடித்திருந்தது. எழுந்திருக்கலாம், எழுந்திருக்காமலும் இருக்கலாம், இரண்டுக்கும் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

கடத்துகிறவனுக்குச் சட்டம் கடுமையாகிவிட்டது. 1982-இல் போட்ட சட்டத்தை மாற்றி 2016-இல் புதிதாகக் கொண்டுவந்த கடத்தல் தடுப்புச் சட்டத்தில், பணயக்கைதியோ பாதுகாப்பு வீரரோ இறந்தால் மரண தண்டனை வரை உண்டு. மிரட்டலும் குற்றம்தான். 2017 அக்டோபரில் மும்பை–டெல்லி ஜெட் ஏர்வேஸ் விமானத்தின் கழிப்பறையில் மிரட்டல் கடிதம் வைத்ததாக ஒரு தொழிலதிபருக்கு 2019-இல் ஆயுள் தண்டனையும் ஐந்து கோடி ரூபாய் அபராதமும் விதித்தார்கள். 2023-இல் குஜராத் உயர்நீதிமன்றம் சாட்சியம் போதாது என்று அவரை விடுவித்தது.

டீ ஆறிப்போயிருந்தது. ஆச்சி இன்னொரு டம்ளர் போடச் சொல்லிவிட்டு, விமான நிலையத்தில் ஏன் இத்தனை சோதனை என்று கேட்டார். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னாலும் ஒரு தேதி இருக்கிறது. 1976 லாகூர்க் கடத்தலை விசாரித்த குழு சொல்லித்தான் 1978-இல் விமானப் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவே தொடங்கினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் அது 2001 டிசம்பர். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்றால் அது 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட சதி. பானத்துக்குள் வெடிமருந்தைக் கலந்து கொண்டுபோக இருந்தார்கள். ஆவக்காய் எண்ணெயும் சோதனை செய்கிறவர்கள் கண்ணுக்குத் திரவம்தான்.

"மக அரிவாமணை வேணும்னு சொன்னா. இங்க கருமான்கிட்டச் சொல்லி அடிச்சு வெச்சிருக்கேன். அதைக் கையில கொண்டுபோகலாமா?"

"கையில கூடாது ஆச்சி. துணியில நல்லா சுத்திப் பெரிய பெட்டியில போட்டுடுங்க. ஊறுகாயும் அதுலயே."

"பெட்டி முப்பது கிலோ வந்துடுச்சே" என்று ஆச்சி உள்ளே பார்த்து, எதையெல்லாம் எடுத்து வைக்கலாம் என்று வேலைக்காரப் பெண்ணிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.